கத்தரிக்காய் நிறக் காருக்குள் ஒரு வெள்ளைக்காரன்

தெற்கு லண்டன் சட்டனில் இருக்கும் புவனேந்திரனின் காருக்குள்ளே செத்துப்போன வெள்ளைக்காரன் ஒருவன் குந்தியிருக்கிறான் என்றுதான் லண்டன் முழுக்கக் கதை. சட்டனில் புறப்பட்டபோது அவன் வெறும் வெள்ளைக்காரன். ஹரோவுக்குப் போய், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை காருக்குள் காத்திருக்கும் தாய்மாரின் வாயில் விழுந்தபோது அவன் கையில் ஒரு சுருட்டு முளைத்துவிட்டது. ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடைக்காரி ஒருத்தி அந்தச் சுருட்டின் மணம் தன் கடை வாசல்வரை வந்ததென்று சத்தியம் பண்ணினாள். கார் ஈஸ்ட் ஹாம் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்பதை அவளுக்கு யார் போய்ச் சொல்வது? கடைசியாகக் கேள்விப்பட்டபோது வெள்ளைக்காரனோடு ஒரு நாயும் சேர்ந்திருந்தது.

"பிரேக்கை அமத்தினால், கீழையிருந்து அவன் காலால எத்துறானாம். புருசனையும் பெண்சாதியையும் ரெயிலுக்குக் கீழ தள்ளப் பாத்தவனாம்."

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, புவனேந்திரன் அண்ணை இப்ப வேப்பிலை இல்லாமல் கராஜுக்குள்ள காலே வைக்கிறேல்லையாம்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், திருநீறு பூசுகிறவர்கள் பூசட்டும். இதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. புவனேந்திரன் பயந்தார். குலைப்பன் காய்ச்சல் வந்த மனிதர் மாதிரி நடுங்கிப் பயந்தார். எதற்குப் பயந்தார் என்பதில்தான் சனம் கோட்டைவிட்டது. நடந்ததை நடந்தபடி கேளுங்கள்.

புவனேந்திரன் வீடுகளில் சமையலறை அலுமாரிகளைப் பொருத்திப் பூட்டுகிறவர். தெற்கு லண்டனில் எங்கள் ஆட்களின் வீட்டில் அலுமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடினால், அது பெரும்பாலும் அவர் கை பட்டதாக இருக்கும். வேலையில் கெட்டிக்காரர். மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தவர். லிஃப்டில் ஏறமாட்டார். கலியாண மண்டபத்தில் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருக்கு. சாப்பாடு எந்தப் பக்கத்தால் வந்தாலும் அசையமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், காஸ் அடுப்பை நினைத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவார். வேறு ஆட்கள் ஓட்டும் காரில் ஏறினால் இன்னும் மோசம். பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் அமத்தி அமத்தி, இறங்கும்போது நொண்டிக்கொண்டுதான் இறங்குவார்.

"அண்ணை, என்ர வானின்ர தட்டில ஓட்டை விழப்போகுது. காலைக் கொஞ்சம் சும்மா வைச்சிருங்கோ," என்பான் கிருஷ்ணராசா. இந்தக் கிருஷ்ணராசா அதே தெருவில் இருப்பவன். தன் வான் வண்டியில் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்ப் போடுகிறவன். மரக்கறியோடு கதையும் போடுவான். இரண்டும் வாடாமல் போய்ச் சேரும்.

புவனேந்திரனின் பயத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. நாட்டை விட்டு வெளிக்கிட்ட காலத்தில், ஐரோப்பாவில் ஏதோ ஒரு எல்லைக்குக் கிட்ட, பூட்டிய லொறி ஒன்றுக்குள் மரப்பெட்டிகளுக்குப் பின்னால் வேறு ஆட்களோடு அவரும் இருந்தார். ஒரே இருட்டு. ஓட்டுகிறவனின் முகம்கூடத் தெரியாது. அவன் திடீரென்று பிரேக் போட்டான். பெட்டிகள் எல்லாம் சரிந்து வந்தன. தோளோடு தோள் ஒட்டியிருந்து அதுவரை தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவனின் சத்தம் நின்றுவிட்டது. இதற்கு மேல் புவனேந்திரன் சொன்னதில்லை. கேட்டவர்களும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். அன்றிலிருந்து, தன் கையால் ஆணி இறுக்காத எந்த வண்டியிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிளேனை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

ஜேர்மனியில் கரவான் என்னும் வீட்டு வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கட்டிலும் அலுமாரியும் பூட்டினார், இரும்பை உருக்கி ஒட்டப் பழகினார். பிறகு மகள் தாரகாவின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தார். தாரகா படித்து டொக்டராகி, இன்வர்னஸில் வேலை எடுத்தாள். ஸ்கொட்லாந்தின் உச்சந்தலை.

"லண்டனில இல்லாத நோயாளியளோ அங்கை இருக்கினம்?" என்று புவனேந்திரன் கேட்டார். மகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

போய்ப் பார்ப்பதுதான் சிக்கல். மனைவி கமலேஸ்வரி பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய சட்டி தூக்கி இடுப்பு நாரியை முறித்துக்கொண்டவர். சாதாரணக் கார் சீட்டில் பக்கத்துக் குறொய்டன்வரைதான் தாங்கும். ஒருமுறை ரெயிலில் மான்செஸ்டர் போனபோது, இருக்கவும் ஏலாமல் படுக்கவும் ஏலாமல் பாதி வழி நின்றுகொண்டே போனார். பிளேன் கொஞ்ச நேரந்தானே, நீர் தனியப் போம் என்றால், அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"நீங்கள் இல்லாமல் போய் அவளிட்டை என்ன சொல்றது? அப்பா கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருக்கிறார் எண்டோ?"

அப்படித்தான் கார் யோசனை வந்தது. ஒரு கார், ஆனால் ஒவ்வொரு ஆணியும் தன் கையால் இறுக்கிய கார். கமலேஸ்வரி சாய்ந்திருந்தபடியே ஸ்கொட்லாந்துவரை நாரி நோகாமல் போகிற கார்.

டோர்க்கிங் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள் பழைய ஃபோர்ட் ஒன்று கிடந்தது. எலிசபெத் மகாராணி முடிசூடிய காலத்து வண்டி. உருண்டை முகம், தவளைக் கண் விளக்கு. பின்சீட்டில் கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. வண்டியின் சொந்தக்காரக் கிழவர் செத்துப்போய், அவருடைய மனைவிதான் விற்றார். தன் கையைப் பிடித்தபடி கட்டிலில் நித்திரையிலேயே போனார் என்று அந்த மனிசி சொல்லிக் கண்ணைத் துடைத்தார். வண்டியை இழுத்துக்கொண்டு வர வானோடு வந்த கிருஷ்ணராசா கயிறு கட்டுகிற அவதியில் இருந்தான். அவன் காதில் விழுந்தது 'கிழவர்', 'செத்தார்' என்ற இரண்டு சொல் மட்டும். பின்னாளில் அவனுக்கு அது போதுமாக இருந்தது.

பழைய காரின் வெளிக்கோதை வைத்துக்கொண்டு உள்ளே புதுக் குடல் போடுகிற வேலைக்கு இங்கே 'ஹொட் ரொட்' என்று பெயர். செய்கிறவர்கள் அநேகமாக அது உறும வேண்டும், தெருவில் போகிற சனம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் செய்வார்கள். புவனேந்திரன் மூச்சுக் காட்டாத கார் செய்தார். பெரிய எஞ்சின், தானாக மாறும் கியர், புது பிரேக், குளிருக்கு ஹீட்டர், வெயிலுக்கு ஏசி. பிறகு அடித்தட்டிலும் கதவிலும் கூரையிலும் தடித்த கம்பளியை மடித்து மடித்து ஒட்டினார். மழை பெய்தால் உள்ளே கேட்காது. சில்லு கல்லில் ஏறினால் கேட்காது. டாஷ்போர்ட் ஒரு வீட்டில் மிஞ்சிய ஓக் பலகை. அதில் கமலேஸ்வரியின் தேத்தண்ணிப் பிளாஸ்க் விழாமல் இருக்க ஒரு வட்டக் குழி.

கமலேஸ்வரியின் சீட்டுத்தான் பெரிய வேலை. அதைக் காருக்குள் பூட்டுவதற்கு முன் மாதக்கணக்காக அது வீட்டுச் சமையலறையில் கிடந்தது. கமலேஸ்வரி அதில் இருந்துகொண்டுதான் வெங்காயம் உரிப்பார், நாடகம் பார்ப்பார், தாரகாவோடு கதைப்பார்.

"இஞ்சாருங்கோ, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பஞ்சு வேணும்."

"நேற்றுத்தானே வலது பக்கம் வேணும் எண்டனீர்?"

"நாரி என்ன சுவரே, ஒரே இடத்தில நிக்க?"

அவர் பஞ்சை வெட்டுவார், ஒட்டுவார், திரும்பப் பிடுங்குவார். ஒட்டிய இரும்பு எல்லாவற்றையும் டயனா வந்து பார்த்தாள். டயனா சட்டனில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெட்டை. வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம். அவள் பார்த்துத் தலையாட்டாமல் அந்தக் காரில் ஒன்றும் ஏறவில்லை. புவனேந்திரன் அவளுக்குப் பின்னால் போய், அவள் பார்த்ததை இன்னொருமுறை பார்ப்பார்.

"அண்ணை, இன்னும் இறுக்கினால் ஆணி அழப்போகுது," என்பாள்.

கடைசியில் கார் கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று முற்றத்தில் நின்றது. அதே கிழமை தாரகா பிள்ளை பெறப்போகும் மாதத்தைச் சொன்னாள். கமலேஸ்வரிக்குக் கால் நிலத்தில் படவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் அந்தக் கார் தூரப் பயணம் போகாது என்று சொல்லிவிட்டார்.

"ஐயர் என்ன மெக்கானிக்கோ?" என்றார் புவனேந்திரன். "தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ நசிச்சால் கார் நல்லா ஓடுமெண்டால், டயனா ஏன் கராஜ் வைச்சிருக்கிறாள்? மரக்கறிக் கடையெல்லோ வைக்க வேணும்."

"வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ."

போனார். நான்கு சக்கரச் சில்லுக்குக் கீழும் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தார்கள், நசித்தார்கள். கோயில் கார் தரிப்பிடம் முழுக்கத் தேசிக்காய் மணம். ஐயர் கற்பூரம் காட்டி, குங்குமம் தொட்ட தேசிக்காய் ஒன்றைக் கமலேஸ்வரியிடம் கொடுத்தார். அவர் அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். புவனேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு, இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு நின்றார். தட்டில் மிஞ்சியிருந்த தேசிக்காய்களில் ஒன்று குறைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கோயிலிலிருந்து நேரே வெள்ளோட்டம். தெற்கே ரைகேட்வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பின்னால் வானில் கிருஷ்ணராசா. அவன் பக்கத்தில் மனைவி பிறேமினி, போனில் படம் பிடித்தபடி.

சட்டனைத் தாண்டி, பான்ஸ்டெட்டைத் தாண்டி, கார் எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. புவனேந்திரன் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். எங்கேயாவது ஒரு கிறீச், ஒரு கடகட? ஒன்றுமில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். கமலேஸ்வரி வாயைக் கொஞ்சம் திறந்தபடி நித்திரை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு வாகனத்துக்குள் நாரி நோகாமல் கண்ணயர்ந்திருந்தார். புவனேந்திரனுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. எழுப்பிவிடுவேனோ என்று அடக்கிக்கொண்டார்.

ரைகேட் மலையின் உச்சியைத் தாண்டியதும் தெரு கீழே விழுந்தது. அடிவாரத்தில் ரெயில் கடவை. தூரத்திலேயே தெரிந்தது: சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னுகிறது, தடை மெல்ல இறங்குகிறது, அதற்கு முன்னால் கார்கள் வரிசையாக நிற்கின்றன.

புவனேந்திரன் பிரேக்கை அமத்தினார். பெடல் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது.

இன்னும் அமத்தினார். கல். இறங்கவே இல்லை. கீழேயிருந்து ஒரு கால் அவருடைய காலை எதிர்த்து எத்துவது போல இருந்தது. கார் மெதுவாகவில்லை, வேகந்தான் கூடியது. அவர் ஒட்டிய கம்பளி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது. காற்று இல்லை, சில்லு இல்லை, கமலேஸ்வரியின் மெல்லிய குறட்டை மட்டும். அந்த அமைதிக்குள்ளேயே கார் மலையால் விழுந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசிக் காரின் பின்கண்ணாடியில் குழந்தைக்கு வெயில் மறைக்கும் துணி ஒன்று. அதில் வாத்துப் படம். அந்த வாத்து பெரிதாகிக்கொண்டே வந்தது.

கூப்பிட வாய் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. கியரை இறக்கினார். கைப்பிரேக்கை இழுத்தார். சீட்டிலிருந்து எழும்பி, இரண்டு காலையும் சேர்த்து பெடலில் ஓங்கி மிதித்தார். கீழே ஏதோ ஒன்று விட்டுக் கொடுத்தது. பெடல் சடாரென்று தட்டுவரை போனது. கார் குறுக்கே திரும்பி நடைபாதையில் ஏறி, ஒரு மதிலுக்கு விரற்கடை முன்னால் நின்றது.

ரெயில் போனது. அதுகூட அந்தக் காருக்குள் மெதுவாகத்தான் கேட்டது.

"வந்திட்டமே?" என்று கமலேஸ்வரி கண்ணைத் திறந்தார். கண்ணுக்கு முன்னால் மதில். "என்னப்பா? ஏனப்பா இப்பிடி நிக்குது?"

புவனேந்திரனின் கை ஸ்டியரிங்கை விட மறுத்தது. "பிரேக்... இறங்கேல்லை கமலா. கீழையிருந்து ஆரோ காலால எத்தினமாதிரி..."

அந்த நேரம் பார்த்துத்தான் கிருஷ்ணராசா ஓடிவந்து கண்ணாடிக்குள் தலையை நீட்டினான். அவனுக்கு இது போதாதா? போதாததற்குப் பிறேமினி பிடித்த படத்தில், காரின் பின்கண்ணாடிக்குள் மூன்றாவது தலையொன்று தெரிந்தது. பின்சீட்டில் சாய்த்து வைத்த தலையணைக்குக் கமலேஸ்வரி தன் கம்பளித் தொப்பியை மாட்டியிருந்தார். அதைப் படம் பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

டயனா லொறியில் வந்து காரை ஏற்றிக்கொண்டு போனாள். கழற்றினாள், பூட்டினாள், ஓடிப் பார்த்தாள்.

"பிரேக் தங்கம் அண்ணை. ஒரு பிழையும் இல்லை."

"இறங்கேல்லையே பிள்ளை."

"நான் அமத்த இறங்குது. நீங்கள் உங்கட காலைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

பிழை ஒன்று இருந்தால் புவனேந்திரன் ஆறியிருப்பார். பிழை இல்லை என்றதும்தான் பயம் கூடியது. காணாத பிழை திரும்ப வரும். எந்த மலையில், எந்த வாத்துக்கு முன்னால்? கார் வீட்டுக் கராஜுக்கு வந்ததும் அவர் பிரேக்கைத் தானும் ஒருமுறை முழுக்கக் கழற்றித் தட்டில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒவ்வொன்றும் நல்லதாகவே இருந்தது. கண்ணை மூடினால் வாத்து வந்தது. அதற்குப் பின்னாலேயே மரப்பெட்டிகள் வந்தன. முகம் தெரியாத அந்த லொறிக்காரனுக்கு இப்போது முகம் இருந்தது. சவரம் செய்யக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் தெரிந்தது.

கமலேஸ்வரி அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"உங்கட வேலையில பிழை வராது. எனக்குத் தெரியும். இது அந்தக் கிழவன்ர வேலைதான். கிருஷ்ணராசா குறொய்டனில ஒரு ஆளைப் பிடிச்சிருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்து பேயை ஓட்டக் கழிப்புக் கழிப்பாராம். அதுவரைக்கும் நான் அந்தக் காருக்குள்ள ஏறமாட்டன்."

"பேயும் பிசாசும்... விசர்க்கதை."

"அப்ப ஆர் எத்தினது?"

அன்று பின்னேரம் கராஜுக்குள் தனியே காருக்குள் ஏறி இருந்தார். வெளியே மழை பெய்திருக்க வேண்டும்; உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பெடலை மெதுவாக அமத்தினார். இறங்கியது. விட்டார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருக்கிறது என்று உறுதி செய்ய இன்னொருமுறை பார்த்தார். பின்சீட்டுத் தலையணை தொப்பியோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொறி ஸார்," என்றார் இங்கிலீஷில், மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "உங்கட காரை நல்லாத்தான் வைச்சிருக்கிறன், ஸார்," என்றார்.

கதவைத் திறந்து இறங்க அவசரப்பட்டார். கையிலிருந்த கார்த் திறப்புச் சாவி நழுவிச் சீட்டுக்குக் கீழே விழுந்தது. குனிந்து கையை விட்டுத் தடவியவர் அப்படியே உறைந்துபோனார்.

தேசிக்காய் எங்கே?

கோயிலில் ஒருவரும் பார்க்காமல் தட்டிலிருந்து எடுத்ததும், கமலேஸ்வரி ஏறுவதற்குள் சீட்டுக்குக் கீழே ஒளித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. மலையில் போன உயிரோடு அந்த நினைவும் போயிருந்தது. சீட்டுக்குக் கீழே இப்போது திறப்பு இருந்தது, தேசிக்காயைக் காணவில்லை.

டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகப் பெடலடிக்குள் புகுந்தார். பெடலுக்குப் பின்னால் மேலே மடித்து ஒட்டிய கம்பளிக்குள் விரலை விட்டார். ஏதோ பிசுபிசுத்தது. பிடுங்கினார். ஒரு பக்கம் வட்டமாக, மறுபக்கம் ரொட்டி மாதிரித் தட்டையாக, வெடித்துக் காய்ந்த தேசிக்காய். தோலில் குங்குமம்.

மலை இறங்கியபோது அது சீட்டுக்குக் கீழிருந்து உருண்டுபோயிருக்கிறது. அவர் ஒட்டிய கம்பளியில் சத்தமே இல்லாமல் போய், பெடலுக்குக் கீழே இறுகியிருக்கிறது. கடைசி மிதியில் நசிந்து மேலே பாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணம் வந்திருக்கும்தான். நான்கு சில்லிலும் நசிந்த தேசிக்காய் மணக்கும்போது ஐந்தாவதை யார் மோந்து பிடிப்பது?

அந்த நிமிடம் டோர்ச்சை அணைத்துவிட்டுச் சீட்டில் சாய்ந்தார். பிரேக் நல்லது. தன் வேலை நல்லது. அடுத்த நிமிடம் இன்னொரு பயம் பிடித்தது. இதை எப்படிச் சொல்வது? ஐயரைப் பார்த்து நக்கலடித்த வாய். கமலாவைக் கொண்டுபோகப் பார்த்தது எஞ்சினுமில்லை, பேயுமில்லை, தன் கை. வெள்ளிக்கிழமை குறொய்டன் ஆள் வந்து புகை காட்டிவிட்டுப் போகட்டுமே? பேய் ஓடினதென்று எல்லாரும் சந்தோசப்படட்டுமே? தேசிக்காயைக் கடதாசியில் சுற்றிப் பொக்கெற்றுக்குள் வைத்தார். கிழவர் பாவம், சும்மா பழி சுமந்தார்.

மறுநாள் காலை தாரகாவின் போன் வந்தது. கமலேஸ்வரி போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் சொதி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பிரஷர் கூடியிட்டுது. நாளைக்கு மற்றநாளே பிள்ளையை எடுக்கப் போகினம்."

"என்ரை அம்மாளாச்சி! தேதி இன்னும் கிடக்குதே!"

"ஒண்டும் யோசிக்காதேங்கோ, நோர்மல்தான்." பிறகு டொக்டரின் குரல் போய், சின்னப்பிள்ளைக் குரல் வந்தது. "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. வருவீங்களோ?"

கமலேஸ்வரி அகப்பையைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைதான் அந்தாள் வருவார் பிள்ளை. அதுக்கு முதல் எப்பிடி அந்தக் காரில..."

புவனேந்திரன் அடுப்பை அணைத்தார். "வருவம் பிள்ளை. அப்பா கொண்டுவாறன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பொக்கெற்றுக்குள்ளிருந்த கடதாசியை வெட்டுப்பலகையில் விரித்தார்.

"இதென்ன?"

"தேசிக்காய்."

"அது தெரியுது. என்ர தேசிக்காய் என்ர கைப்பைக்குள்ள கிடக்கு. இது ஆருடைய?"

"என்ர. நான்தான் சீட்டுக்குக் கீழ வைச்சனான். உருண்டுபோய்ப் பிரேக்குக்குக் கீழ இறுகியிட்டுது. பேய் இல்லை."

கமலேஸ்வரி தேசிக்காயைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். "ஐயர் என்ன மெக்கானிக்கோ எண்டு கேட்ட மனிசனோ?"

"ஓம்."

"ஏன் வைச்சனீங்கள்?"

"பயமாயிருந்தது. நீர் அதுக்குள்ள ஏறப்போறீர். ஏதும் நடந்தால்?"

அகப்பை எந்தப் பக்கத்தால் வரும் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. கமலேஸ்வரி அகப்பையைச் சட்டியில் வைத்தார். "மலையில என்னை ஏன் எழுப்பேல்லை?"

"வாய் வரேல்லை."

"சரி. பொக்கெற்றைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"காட்டுங்கோ எண்டுறன்."

சேர்ட் பொக்கெற் வெறுமை. காற்சட்டைப் பொக்கெற் வெறுமை. குளிர்ச்சட்டையின் உட்பொக்கெற்றுக்குள், பச்சைப் பசேலென்று புதுத் தேசிக்காய் ஒன்று.

"இது?"

"ஸ்கொட்லாந்து தூரமெல்லே..."

கமலேஸ்வரி கத்தியை எடுத்தார். தேசிக்காயை இரண்டாகப் பிளந்தார். சொதிக்குள் பிழிந்தார். தன் கைப்பைக்குள் இருந்ததையும் எடுத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். "உடுப்பை அடுக்குங்கோ. ஆனால் முதல்ல அந்த மலையால என்னை இறக்கிக் காட்ட வேணும். நான் முழிச்சுக்கொண்டு இருப்பன். பிறகுதான் இன்வர்னஸ்."

இன்வர்னஸ் வடக்கே, மலை தெற்கே. அவர் வாதாடவில்லை.

ரைகேட் மலை உச்சியில் அவருடைய உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கமலேஸ்வரி சீட்டைச் சாய்க்காமல் நிமிர்ந்து இருந்தார். மடியில் பிளாஸ்க், இரண்டு கையாலும் பிடித்தபடி. தெரு கீழே விழுந்தது. அடிவாரத்தில், வேண்டுமென்றே செய்தது போல, சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. கார்கள் நிற்கத் தொடங்கின. கமலேஸ்வரியின் வலது கால் முன்னால் நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை அமத்தியதைப் புவனேந்திரன் கண்டார்.

தன் காலை வைத்தார். பெடல் இறங்கியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. கார் குனிந்து, மெதுவாகி, முன்னால் நின்ற வானுக்குப் பின்னால் மரியாதையாக நின்றது. பிளாஸ்க் அசையவில்லை.

கமலேஸ்வரி காலை இழுத்துக்கொண்டு, சீட்டைப் பின்னால் சாய்த்தார்.

தடைக்கு அப்பால் ரெயில் வந்துகொண்டிருந்தபோது, காருக்குள் போன் அடித்தது. கிருஷ்ணராசா.

"அண்ணை! எங்கை நிக்கிறியள்? குறொய்டன் ஆளை நான் இண்டைக்கே கையோட கூட்டிக்கொண்டு வந்திட்டன். கராஜ் வெறுமையாக் கிடக்கு! வெள்ளைக்காரன் காரைத் தானே எடுத்துக்கொண்டு போட்டானோ? கடவுளே, ஈஸ்ட் ஹாமில இருந்துகூட ஆக்கள் எடுத்துக் கேக்கினம். நான் என்னெண்டு சொல்ல?"

புவனேந்திரன் ரெயில் போய் முடியும்வரை பொறுத்தார்.

"காதைத் துடைச்சுப்போட்டுக் கேள் கிருஷ்ணராசா. வெள்ளைக்காரனும் இல்லை, சுருட்டும் இல்லை, நாயும் இல்லை. அந்தாள் தன்ர கட்டிலில நிம்மதியாச் செத்தவர். பிரேக்குக்குக் கீழ கிடந்தது தேசிக்காய். ஒளிச்சு வைச்சது நான். பயத்தில வைச்சனான். எல்லாருக்கும் அப்பிடியே சொல்லு, ஒண்டும் கூட்டாதை. இப்ப போனை வை, தடை எழும்புது."